நலம் விசாரிப்பவர்

"இரு கண்ணு, அந்த 'ச்சே' ஒண்ணா, ரெண்டா?"

கதவு நிலையில் சாய்ந்து நிற்கும் பெண்மணி ஒரு கணம் யோசித்துவிட்டு, இரண்டு என்கிறார். டொமினிக் லாஃபர்ட்டி வலது கையின் ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி எழுத்தெழுத்தாகத் தட்டுகிறார். மழைக்கு அஞ்சி டேப்லெட்டை எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைத்திருப்பார். பைக்கு மேலேயே தட்டுவதால் ஒவ்வொரு எழுத்தும் இரண்டாவது முறைதான் விழும். தட்டி முடித்ததும் அந்தப் பெண்மணி சொன்னதை அவருக்கே வாசித்துக் காட்டுகிறார். "ச்சே ச்சே, பஸ்ஸா அது, ஆடி அசைஞ்சு வர்ற... சரியா இருக்கா? ஏதாவது விட்டுட்டேனா?"

வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுத வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. மற்றவர்கள் சாரத்தை எழுதுவார்கள். டொமினிக் இருமலையும் எழுதுவார். 'இங்கே நாய் குறுக்கிட்டது' என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பு வரும். கிளாஸ்கோ நகரில் கதவு கதவாகத் தட்டிக் கருத்துக் கேட்கும் பதினான்கு பேரில் அவர் ஒருவர். அவர்கள் அனுப்புவதைச் சரிபார்க்கும் மேற்பார்வையாளர் நான். பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். டொமினிக்கின் தாள் வந்தால் மட்டும் தேநீர் போட்டுக்கொண்டு உட்காருவேன். அதில் மனிதர்கள் பேசுவார்கள்.

இதற்கு முன் முப்பது வருடம் எரிவாயு மீட்டர் படித்தவர். ஆகவே கதவு அவருக்குப் புதிதல்ல. எந்த நாய் கடிக்கும், எந்த நாய் கடிப்பதாகப் பாவனை செய்யும் என்று வாலைப் பார்த்தே சொல்வார். மூன்று மாடிக் கல் கட்டடங்களின் பொதுப் படிக்கட்டில் ஏறும்போதே மூச்சு வாங்குவதை நிறுத்திக்கொள்வார். கதவு திறக்கும்போது இரைக்கிற ஆளைப் பார்த்தால் யாரும் பேச மாட்டார்களாம். பெண் என்றால் எந்த வயதானாலும் "கண்ணு". ஆண் என்றால் "ராசா". என்னை மட்டும் "பாஸ்" என்பார், அதில் பாதி கிண்டல்.

கேள்வி தொடங்குமுன் ஒரு வாசகம் உண்டு. "இதுல சரியான பதில், தப்பான பதில்னு ஒண்ணும் கிடையாது. மனசுல பட்டதைச் சொல்லுங்க." எழுதிக் கொடுத்த வாசகம்தான், ஆனால் அவர் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரை கேட்பதுபோல இருக்கும். பதில் எதுவானாலும் முகத்தில் ஒரு கோடு அசையாது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி தரும்போது அந்த முகத்தைத்தான் காட்டச் சொல்வேன். "இது ஞாயிற்றுக்கிழமை முகம், பாஸ். பிரசங்கம் நீளும்போது வைக்கிறது," என்பார்.

இரண்டரை வருடத்துக்கு முன், ஓர் இலையுதிர் காலத்தில், அந்தச் சர்வே வந்தது. கருக்கலைப்பு செய்யும் மருத்துவமனைகளின் வாசலில் நின்று ஜெபிப்பவர்களையும் பலகை பிடிப்பவர்களையும் இருநூறு மீட்டர் தள்ளி நிறுத்தச் சட்டம் கொண்டுவரலாமா என்று நாடே பேசிக்கொண்டிருந்த சமயம். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய ஓர் அமைப்பு எங்களை அமர்த்தியிருந்தது. இருபத்திரண்டு கேள்விகள். நான் குழுவைக் கூட்டி, இந்த விஷயத்தில் தீவிரமான கருத்து உள்ளவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று சொன்னேன். இரண்டு பேர் விலகினார்கள். டொமினிக் விலகவில்லை.

அவர் மனைவி பெர்னடெட், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், ஒவ்வொரு வருடமும் நாற்பது நாள் அந்த வாசலில் ஜெபமாலையோடு நிற்பவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் சொல்லவும் இல்லை. பிறகு கேட்டபோது, "நீங்க கருத்து உள்ளவங்களைத்தானே விலகச் சொன்னீங்க. கருத்து பெர்னியோடது. நான் ஸ்டூல் தூக்கறவன்," என்றார்.

அந்த மாதம் அவர் அனுப்பிய தாள்கள் என் நினைவில் இன்னும் இருக்கின்றன. கப்பல் கட்டும் துறையில் வெல்டராக இருந்த ஒரு முதியவர்: "ஜெபம் பண்ணணும்னா கோயில் இருக்கு. அங்க ஹீட்டர் இருக்கு, பெஞ்ச் இருக்கு. அதை விட்டுட்டு மழையில நிக்கறாங்கன்னா கடவுள் பார்க்கறதுக்கா? (சிரித்தார், இருமினார்.) ஆனா ஒண்ணு எழுதிக்கோ, பொம்பளைங்க பாவம், கால் வலிக்கும்." ஆறு பிள்ளைகள் பெற்ற ஒரு தாய்: "எனக்கு அந்தக் காரியமே பிடிக்காது, சொல்லிட்டேன். ஆனா அங்க போற பொண்ணு ஏற்கனவே ராத்திரி பூரா தூங்காம வந்திருப்பா. அவகிட்ட போய் நான் நின்னு என்ன சொல்றது? ரெண்டுக்கும் சேர்த்து டிக் போட ஒரு கட்டம் இல்லையா?" இல்லை. டொமினிக் இரண்டு கேள்விகளிலும் தனித்தனியாகக் குறித்துவிட்டு, அவர் ஒரு கட்டம் கேட்டதையும் எழுதியிருந்தார்.

ஒரு பேருந்து ஓட்டுநர் சட்டமே கூடாது என்றார். "நாங்க வேலை நிறுத்தம்னு டிப்போ வாசல்ல நின்னப்ப எங்களையும் தள்ளி நிக்கத்தான் சொன்னாங்க. இன்னைக்கு ஜெபமாலைக்காரி, நாளைக்கு நான். என் பெண்டாட்டிக்கு இது பிடிக்காது, உள்ள இருக்கா, மெதுவா எழுதுங்க." உள்ளேயிருந்து பெண் குரல்: "எனக்குக் கேட்டுச்சு!" அதுவும் தாளில் இருந்தது. பெரும்பாலானவர்களின் பதில் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்தது. என்ன வேண்டுமானாலும் நம்புங்கள், அந்த வாசலில் மட்டும் வேண்டாம். இப்படிச் சொன்னவர்களில் கழுத்தில் சிலுவை போட்டவர்களும் இருந்தார்கள்.

நவம்பர் மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை. டொமினிக் அலுவலகத்துக்கு நேரில் வந்தார். தாள்கள் தாமாகவே கணினிக்கு வந்துவிடும், யாரும் நேரில் வர வேண்டியதில்லை. கோட்டைக் கழற்றாமல் என் மேஜை முன் நின்றார்.

"பாஸ், நான் ஒரு விதியை மீறிட்டேன். தெரிஞ்சவங்க வீட்டுல பேட்டி எடுத்துட்டேன்."

"தெரியாம எடுத்துட்டீங்களா?"

"தெரிஞ்சேதான்."

முகவரிகளை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. பட்டியல் குலுக்கலில் வரும். பெயர் இருக்காது, வீட்டு எண் மட்டும். நகரத்தின் மேற்குப் பக்கம், மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவள் கையில் பாதி கடித்த ரொட்டித் துண்டு. முப்பது, முப்பத்தொரு வயது. அவள்தான் முதலில் பேசினாளாம்.

"மிஸ்டர் லாஃபர்ட்டி."

ரோஷீன் டெவன்னி. அவருடைய கோயில் பங்கைச் சேர்ந்த கேத்லீன் டெவன்னியின் ஒரே மகள். அவள் பள்ளிக்கூடம் படித்த நாளில் சனிக்கிழமைதோறும் பங்குப் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கு வேனில் கூட்டிப் போனவர் டொமினிக்தான். நான்கு வருடம் அவள் முன்சீட்டுக்குச் சண்டை போட்டு ஜெயித்தவள்.

தெரிந்தவர் என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேறொருவர் வருவார் என்று சொல்லித் திரும்பிவிட வேண்டும். அவரும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறார். அவள் அவர் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பார்த்தாள். டேப்லெட்டைப் பார்த்தாள். என்ன சர்வே என்று கேட்டாள். சொன்னார். ரொட்டியை உள்ளே எங்கோ வைத்துவிட்டு வந்து, கதவை முழுதாகத் திறந்தாளாம்.

"எடுங்க."

"விதி இருக்கு கண்ணு."

"எடுங்க, மிஸ்டர் லாஃபர்ட்டி. வேற யார் வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன்."

அந்தத் தாளை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். வழக்கம்போல எதையும் விடாமல் எழுதியிருந்தார்.

இத்தகைய கூட்டங்களை நேரில் பார்த்ததுண்டா என்பது ஏழாவது கேள்வி. "பார்த்திருக்கேன். நீங்களும்தான்." எந்தச் சூழ்நிலையில்? "உள்ள போகும்போது." அங்கிருந்த யாராவது உங்களிடம் பேசினார்களா? "ஒருத்தர். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நல்லா இருக்கியா, அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டார்." அது உங்களை எப்படிப் பாதித்தது? இந்தக் கேள்விக்கு ஓர் அட்டையைக் கையில் கொடுப்போம்: மிகவும் ஆறுதலாக இருந்தது என்பதிலிருந்து மிகவும் துன்பமாக இருந்தது என்பது வரை ஐந்து பதில்கள். "(அட்டையை இரண்டு முறை வாசித்தார்.) இதுல அது இல்ல."

கடைசிக் கேள்வி, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்பது. எல்லோரும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தும் கேள்வி.

"அங்க நின்ன மத்தவங்க முகம் ஒண்ணும் எனக்கு ஞாபகம் இல்ல. பலகையில என்ன எழுதியிருந்துச்சுன்னும் தெரியாது. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதுக்குத் தயாராத்தான் போனேன். நீங்க நலம் விசாரிச்சீங்க. அதுக்கு நான் தயாரா இல்ல. அப்புறம் கேட்டைத் தாண்டி உள்ள போற வரைக்கும் என் பேரைச் சொல்லி 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னீங்க எல்லாரும். டாக்டர் என் பேரைக் கேட்டப்ப எனக்குச் சொல்ல வரலை. (நிறுத்தினார்.) எதுக்குப் போனேன்னு எழுத வேண்டாம். அது யாருக்கும் இல்ல. அந்த ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுத் தபால் பெட்டியில ஒரு பூசை அட்டை கிடந்துச்சு. உங்கள் மகள் ரோஷீனின் மனமாற்றத்துக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறதுன்னு. கையெழுத்து, உங்க கோயில் டெரீசா குயின். அம்மாவுக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. நான் சொல்லலாம்னு இருந்தேன். என் வாயால சொல்லியிருந்தா எப்படிக் கேட்டிருப்பாங்கன்னு இப்ப யாருக்கும் தெரியாது. ஏழு வருஷமா நாங்க பேசறது இல்ல."

வழக்கப்படி அதை அவளுக்கே வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்தப் படியில் நின்று, அந்த ஞாயிற்றுக்கிழமை முகத்தோடு. அவள் ஓர் இடத்தில் திருத்தினாளாம். 'சொல்ல வரலை' என்பதை இவர் 'சொல்லக் கஷ்டமாக இருந்தது' என்று தட்டியிருந்தார். அவர் வாழ்க்கையில் ஒரு வாசகத்தை மென்மையாக்கி எழுதியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். "நான் அப்படிச் சொல்லலை," என்றாள். மாற்றினார்.

டேப்லெட்டை மூடிய பிறகு, "என்னை மன்னிச்சுரு கண்ணு," என்றார்.

"அது கேள்வியில இல்லையே," என்றாள். அவர் இரண்டு படி இறங்கியபோது மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். "எதையும் சரி பண்ணக் கிளம்பிராதீங்க. அம்மாகிட்ட போகாதீங்க. இங்கேருந்து ஒரு வார்த்தை அங்க போக வேண்டாம், அங்கேருந்து ஒண்ணும் இங்க வர வேண்டாம். புரியுதா?"

புரிகிறது என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார்.

இத்தனையும் என் மேஜை முன் நின்றபடி சொன்னார். நான் உட்காரச் சொல்லியும் உட்காராமல், காரில் பேசலாமா என்று கேட்டார். வெளியே என் கார் நின்றிருந்தது. கண்ணாடியில் மழை ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அமர்ந்த பிறகுதான், தாளில் இல்லாததைச் சொன்னார்.

மீட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் வருடம், ஏழு வருடத்துக்கு முந்தைய தவக்காலம் அது. வீட்டில் சும்மா இருந்த மனிதரைப் பெர்னி தன்னோடு கூட்டிப் போனார். மடக்கு ஸ்டூல், தேநீர் ஃபிளாஸ்க், ரொட்டிக்குள் சதுர சாசேஜ் இறைச்சி வைத்த பொட்டலம் இவற்றைச் சுமப்பது அவர் வேலை. வரிசையின் கடைசியில் நின்றார். பலகை எதுவும் பிடிக்கவில்லை. தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு, தலை குனிந்து ஒரு பெண் வந்தாள். வலது காலைச் சற்று உள்பக்கம் திருப்பி வைக்கிற நடை. நீச்சல் குளத்து ஈரத் தரையில் அந்த நடைக்கு "பார்த்து, பார்த்து" என்று எத்தனை முறை குரல் கொடுத்திருக்கிறார்!

"சந்தோஷமா இருந்துச்சு பாஸ். அதுதான் உண்மை. ரொம்ப நாள் கழிச்சுப் பார்க்கற சந்தோஷம். அவ எங்க போய்க்கிட்டிருக்கா, நான் எங்க நிக்கறேன்னு ஒண்ணும் தோணலை. அடடே ரோஷீன்னு வாய் சொல்லிருச்சு."

"அது தெரியாம நடந்தது, டொமினிக்."

"அது வரைக்கும் தெரியாமதான்." அவர் கண்ணாடியையே பார்த்தார். "பக்கத்துல டெரீசா நின்னா. எந்த ரோஷீன்னு கேட்டா. டெவன்னி வீட்டுப் பொண்ணுன்னு சொன்னேன். இந்த ஊருல ரோஷீன் ஆயிரம் பேர் இருக்காங்க. அந்தப் பொண்ணு டெரீசாவே அடையாளம் கண்டுக்கிட்டான்னு நினைச்சுக்கிட்டிருக்கு. நான்தான் சொன்னேன். கேட்டா பதில் சொல்லணுமேன்னு சொன்னேன். அவகிட்ட இதை இன்னைக்குச் சொல்லியிருக்கணும். வாசிச்சுக் காட்டினேனே, அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லலை."

அதன் பிறகு ஏழு வருடம், ஞாயிறுதோறும் பூசை முடிந்து வாசலில் கேத்லீனைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்டிருக்கிறார்: "பொண்ணு எப்படி இருக்கு? கிறிஸ்துமஸுக்கு வருதா?" கேத்லீன் ஒவ்வொரு முறையும், "வேலை ஜாஸ்தி அவளுக்கு," என்று சொல்லியிருக்கிறார். ஏன் அந்தப் பெண் ஒருமுறையும் வரவில்லை என்று டொமினிக் யோசித்ததே இல்லை. டெரீசா அட்டை போட்டது அவருக்குத் தெரியாது. கேத்லீனுக்கு இவர் பெயர் சொன்னது தெரியாது.

இனி என் பங்கு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

விதிப்படி அந்தப் பேட்டி செல்லாது. பேட்டி எடுப்பவருக்குத் தெரிந்தவரின் பதிலைக் கணக்கில் சேர்த்தால் முழு வேலையின் நாணயமும் கேள்விக்குள்ளாகும். எங்கள் மேலதிகாரியிடம் கேட்கக்கூட இல்லை. கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். தாளை நீக்கினேன். வேறொருவரை அதே முகவரிக்கு அனுப்பினேன். எங்கள் குழுவிலேயே மிகப் பதமாகப் பேசக்கூடிய பெண் அவள். ரோஷீன் கதவைப் பாதி திறந்து, "ஒரு தடவை சொல்லியாச்சு," என்று மட்டும் சொன்னாளாம். 'மறுத்துவிட்டார்' என்ற கட்டத்தில் ஒரு குறி விழுந்தது.

அந்த வாசல் வழியாக உள்ளே நடந்து போன எத்தனை பேர் அந்தக் கணிப்பில் பதில் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தியின் பதிலை எடுத்துவிட்டது நான் என்பது தெரியும். அறிக்கை நன்றாக வந்தது. பாராட்டினார்கள்.

டொமினிக்கிடம் இதைச் சொன்னபோது, "நீங்க செய்ய வேண்டியதைச் செஞ்சீங்க, பாஸ்," என்றார். அவரைக் குறை சொன்னவர்களிடமும் அவர் அப்படித்தான் பேசுவார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

வீட்டில் பெர்னியிடம் சொல்ல அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பெர்னியை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். சிறிய உடம்பு, பெரிய கைப்பை. யாருக்காவது பிரசவம் என்றால் முதலில் சூப்போடு போய் நிற்பவர். கணவனை இழந்த பெண்களின் தோட்டத்தைச் சீர்படுத்திக் கொடுப்பவர். கெட்ட எண்ணத்தோடு அவர் அந்த வாசலில் நின்றதாக நான் எழுதினால் பொய்யாகும்.

"நாங்க யாரையும் திட்டலையே, டொம்," என்று கேட்டிருக்கிறார்.

"திட்டலை."

"அன்பாத்தானே நின்னோம்?"

"அன்பாத்தான்."

"அப்புறம் என்ன?"

பெர்னி சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து மேஜைமேல் வைத்தாராம். "அந்தப் பொண்ணு பேரை நான் தினமும் சொல்றேன். ஏழு வருஷமா ஒரு நாள் விட்டதில்ல. நம்ம சொந்தப் பிள்ளைங்க பேரு கூட சில நாள் விட்டுப்போகும், அவ பேரு விடாது. இப்ப அதை நிறுத்தச் சொல்றியா?"

"ஜெபத்தை நிறுத்தச் சொல்லலை. பேரை மட்டும் விட்டுரு."

"பேர் இல்லாம யாருக்குன்னு சொல்றது?"

"கடவுளுக்குத் தெரியும் பெர்னி."

பெர்னி எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டாராம். இரண்டு கோப்பைத் தேநீர் வந்தது. பெர்னி அந்தப் பெயரை விட்டாரா, இல்லையா என்று டொமினிக் கேட்டதில்லை. நாற்பத்திரண்டு வருடக் கல்யாணத்தில் கேட்காமல் விடவேண்டிய கேள்விகளும் உண்டு என்று அவர் சொன்னபோது முதன்முறையாக அவர் முகத்தில் ஒரு கோடு அசைந்ததைப் பார்த்தேன்.

அடுத்த தவக்காலத்தில் பெர்னி போனார். டொமினிக் போகவில்லை. இரண்டு பஸ் மாறி, ஸ்டூலைத் தாமே தூக்கிக்கொண்டு பெர்னி போய் வந்தார். மாலையில் அழைத்து வர மட்டும் டொமினிக் போவார். அதுவும் வாசலுக்கு அல்ல, அடுத்த தெருவுக்கு.

கோயிலிலும் ஒன்று மாறியது. நாற்பது வருடமாக வலப்பக்கம் மூன்றாவது பெஞ்சு அவருடையது. அதற்கு முன்பெஞ்சில் கேத்லீன் டெவன்னி. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் கேத்லீன் திரும்பி அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார். அந்த நவம்பருக்குப் பிறகு டொமினிக் பூசைக்குத் தாமதமாக வந்து, கடைசியில் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார். கேத்லீன் ஒரு நாள் வாசலில் மடக்கிக் கேட்டாராம்: "என்ன டொமினிக், என் மேல ஏதாவது கோபமா? கை கொடுக்கக்கூட ஆள் காணோம்!"

"முழங்கால் வலி, கேத்லீன். உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலை."

"அதுக்கு நின்னுக்கிட்டிருந்தா சரியாகுமா? என் பொண்ணு மருந்துக் கடையிலதான் வேலை பார்க்கறா, கேட்டு..." என்று தொடங்கிய கேத்லீன் வாக்கியத்தை முடிக்கவில்லை. பிறகு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அங்கே நின்று உண்மையைச் சொல்லிவிட்டால் தன் நெஞ்சு இலேசாகும் என்று டொமினிக்குத் தெரியும். சொல்லக் கூடாது என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். "என் பாரத்தை இறக்கறதுக்கு மறுபடியும் அவ பேரைத்தானே நான் எடுக்கணும்," என்றார் என்னிடம். ஆகவே தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார். முழங்கால் உண்மையாகவே வலிக்கத் தொடங்கிவிட்டது.

சட்டம் வந்துவிட்டது. இருநூறு மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. சிலர் எதிர்த்துப் பேசினார்கள், பெரும்பாலோர் அவர்கள் பாட்டுக்கு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். டெரீசா குயின் இப்போது வெளியே வர முடியாதபடி படுத்திருக்கிறார். பெர்னி முதலிய மூன்று பெண்கள் மட்டும் எல்லைக்கு வெளியே, தெரு முனையில், மூடிக் கிடக்கும் ஒரு துணிவெளுக்கும் கடையின் முன்னால் நிற்கிறார்கள். பலகை கிடையாது. அங்கிருந்து மருத்துவமனை தெரியாது.

போன மார்ச்சில் ஒரு புதன்கிழமை. பஸ் வசதி பற்றிய சர்வே. மேற்குப் பக்கத்தில் டொமினிக்கோடு நானும் போயிருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரோடும் போய்ப் பார்ப்பது என் வேலை. நான்கு மணிக்கு முடிந்தது. பெர்னியை அழைத்துப் போக வேண்டும், கார் அந்தப் பக்கம்தான் நிற்கிறது என்றார். கூடவே நடந்தேன்.

கடை முன்னால் பெர்னி ஸ்டூலை மடக்கிக்கொண்டிருந்தார். மற்ற இரு பெண்களும் ஜெபமாலையின் கடைசிப் பத்து மணிகளில் இருந்தார்கள், உதடு மட்டும் அசைந்தது. டொமினிக் ஸ்டூலை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். பெர்னி என்னிடம் தேநீர் மிச்சம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார்.

அப்போது தெருவின் மேல்பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். இருபது வயதிருக்கும். அவள் எங்கிருந்து வருகிறாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நூலகத்திலிருந்து வரலாம், அலுவலகத்திலிருந்து வரலாம், அந்தத் தெருவில் எல்லாம் இருக்கிறது. கோட்டை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், காற்று அப்படி. மூன்று பெண்களையும் ஜெபமாலைகளையும் பார்த்து அவள் நடை ஒரு கணம் தடுமாறியது. எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போகலாமா என்று தெருவைப் பார்த்தாள். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

டொமினிக் எங்களை விட்டு விலகி, கடையின் இறக்கிய ஷட்டரைப் பார்த்துத் திரும்பினார். முதுகு முழுவதும் தெருவுக்கு. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அங்கே ஒட்டியிருந்த, குப்பை வண்டி வரும் நாட்கள் பற்றிய நகராட்சி அறிவிப்பை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். அவள் காலடிச் சத்தம் எங்களைக் கடந்து, பஸ் நிறுத்தம் வரை போய், பஸ் வந்து, கதவு மூடி, கிளம்பும் வரை வாசித்துக்கொண்டேயிருந்தார்.